வானத்தில் கொதித்த பெட்ரோல்

சிறகு முளைத்த எந்திரம் – 14

1942 ஜூலையில் லண்டனுக்குக் கிழக்கே ஹார்ன்சர்ச் விமானதளத்துக்குப் புதிய ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வந்து இறங்கின. அவை ஒன்பதாம் வகை. அவற்றை முதலில் பெற்றது 64ஆவது ஸ்க்வாட்ரன். அதற்கு முந்தைய பத்து மாதங்களும் பிரிட்டிஷ் விமானிகளுக்குச் சோதனைக் காலம். ஜெர்மனியின் ஃபோக்க வுல்ஃப் 190 ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே தலைகாட்டிய நாளிலிருந்து, ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சென்ற இதழில் பார்த்த பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கரின், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் இரண்டடுக்கு சூப்பர்சார்ஜர்தான் அந்த நிலையை மாற்றியது. அதைப் பொருத்திய மெர்லின் 61 எஞ்சின், மெலிந்த காற்றிலும் மூச்சு வாங்காமல் உழைத்தது. தரையிலிருந்து 20,000 அடியை எட்ட அந்த விமானத்துக்கு ஏழு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அந்த வேகமே ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில், திறந்த வெளியில் நின்ற ஸ்பிட்ஃபயரைக் கிளப்பி மேலே கொண்டுபோனால் சில நேரம் எஞ்சின் இருமத் தொடங்கும். எரிபொருள் அழுத்தம் குறைந்துவிட்டதாக விமானியின் முன்னே எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். சில வேளை அடங்கியே போகும். மூக்கைத் தாழ்த்திக் கீழே இறங்கினால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஓடத் தொடங்கும். தரையில் மெக்கானிக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் வடிகட்டியில் தூசி இருக்காது, பம்பில் பழுது இருக்காது, டாங்கியில் பெட்ரோலுக்கும் குறைவிருக்காது. குற்றம் நடந்த இடத்தில் தடயம் மட்டும் மிஞ்சாது. ஏனென்றால் குற்றவாளி ஒரு குமிழி. கீழே வந்ததும் அது பெட்ரோலாகவே கரைந்துவிடும்.

இதைத்தான் விமானத் தொழிலில் வேப்பர் லாக் என்கிறார்கள். ஆவியடைப்பு. எரிபொருள் போகும் குழாயில் எரிபொருளே கொதித்து, ஆவியாகி, தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்ளும் நிலை.

கொதிநிலை என்பது சூட்டை மட்டும் பொறுத்ததல்ல. மேலிருந்து அமுக்கும் காற்றின் அழுத்தத்தையும் பொறுத்தது. உயரமான மலையில் சோறு வேக நேரமாவதும் இதனால்தான். அங்கே அழுத்தம் குறைவு, தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அரிசிக்கு வேண்டிய சூடு கிடைக்காது. கடல்மட்டத்தில் காற்று ஒரு சதுர அங்குலத்தின்மேல் 14.7 பவுண்டு எடையாக அமுக்குகிறது. 18,000 அடியில் அது பாதியாகிவிடும். 40,000 அடியில் மூன்று பவுண்டுகூடத் தேறாது.

பெட்ரோல் ஒரே பொருளும் அல்ல. பல நூறு ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை அது. பியூட்டேன், பென்டேன் போன்ற இலகுவான பகுதிகள் முதலில் ஆவியாகும். கனமானவை கடைசிவரை நிற்கும். இலகுவானவை இல்லாவிட்டால் குளிர்காலக் காலையில் எஞ்சின் கிளம்பாது. அவை கூடிப்போனால் உயரத்தில் கொதிக்கும். எரிபொருள் தயாரிப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவேதான் வழி காண வேண்டியிருந்தது.

அதற்கு முதலில் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1930 வாக்கில் அமெரிக்காவின் தேசியத் தரநிலைப் பணியகத்தில் ஆஸ்கர் பிரிட்ஜ்மேன் போன்றவர்கள், எந்தப் பெட்ரோல் எந்த நிலையில் குழாயை அடைக்கும் என்று முறையாக ஆராய்ந்தார்கள். அதே காலத்தில் பெட்ரோலியத் தொழிலில் ரீட் சோதனை நிலைபெற்றது. அதன் கருவி எளிமையானது. ஒரு சிறிய உலோகக் குப்பி. அதன் தலையில் நான்கு மடங்கு கொள்ளளவுள்ள காற்றறை. அதற்கு மேல் ஓர் அழுத்தமானி. குளிரவைத்த பெட்ரோலைக் குப்பி நிறைய ஊற்றி, காற்றறையோடு இணைத்து மூடி, 37.8 டிகிரி சூட்டில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். அவ்வப்போது வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி மறுபடி அமிழ்த்துவார்கள். மானியின் முள் இனி அசையாது என்று ஆனதும் அளவைக் குறிப்பார்கள். அந்த எண்தான் அந்தப் பெட்ரோலின் ஆவியழுத்தம்.

விமானப் பெட்ரோலுக்கு அந்த எண் 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். இன்றும் பிஸ்டன் விமானங்கள் எரிக்கும் அவ்கேஸ் எரிபொருளுக்கு மேல் எல்லை அதுதான். 37.8 டிகிரிச் சூட்டில் 7 பவுண்டு ஆவியழுத்தம் உள்ள பெட்ரோலை, அந்தச் சூடு ஆறாமலே மேலே கொண்டுபோனால் எங்கே கொதிக்கும்? காற்றின் அழுத்தம் 7 பவுண்டாகக் குறையும் இடத்தில். அதாவது ஏறக்குறைய 19,000 அடியில்.

மேலே போகப் போகக் குளிருமே, பெட்ரோலும் ஆறிவிடாதா என்று கேட்கலாம். மெதுவாக ஏறும் பழைய விமானங்களில் ஆறியது. ஆகவே பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. ஸ்பிட்ஃபயர் ஏழு நிமிடத்துக்குள் 20,000 அடியில் இருந்தது. வெளியே காற்று உறைநிலைக்கு இருபத்தைந்து டிகிரி கீழே. ஆனால் விமானிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, எஞ்சின் அனலடிக்கும் இடத்தில் இருந்த டாங்கியிலோ தரையில் வாங்கிய வெயில் சூடு அப்படியே இருந்தது. எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு சூடான பெட்ரோலோடு உயரத்தை எட்டும். நல்ல எஞ்சின் செய்ததற்காகக் கிடைத்த தண்டனை என்றே இதைச் சொல்லலாம்.

தண்டனையைக் கடுமையாக்கியது பம்பு இருந்த இடம்.

முதல் உலகப் போர்க்கால விமானங்களில் எரிபொருள் எஞ்சினுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டாங்கியை உயரத்தில் வைத்துப் பெட்ரோலைத் தானாக இறங்கவிடுவது. மற்றொன்று, டாங்கிக்குள் காற்றை அடைத்து அந்த அழுத்தத்தால் தள்ளுவது. சாப்வித் கேமலில் இரண்டுமே உண்டு. பிரதான டாங்கிக்கு, இறக்கைத் தாங்கியில் பொருத்திய சிறு காற்றாடி சுழன்று காற்றடிக்கும். டாங்கியில் குண்டு துளைத்தால் அழுத்தம் போய்விடும். அப்போது கைகொடுக்க, மேலிருந்து தானே இறங்கும் சின்ன டாங்கி ஒன்று தனியாக இருந்தது. காற்றடைத்த டாங்கிக்கு ஓட்டை எமன் என்பது அன்றே தெரிந்த செய்தி.

பிறகு எஞ்சினே சுழற்றும் பம்பு வந்தது. வசதியானது, நம்பகமானது. காற்றாடியும் வேண்டாம், உயரமான டாங்கியும் வேண்டாம். ஆனால் எஞ்சினில் இருக்கும் பம்பு, கீழே அல்லது தொலைவில் இருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவது என்றால் குழாயில் அழுத்தத்தைக் குறைப்பது. நடுவே வரும் ஒவ்வொரு வளைவும், வடிகட்டியும், அடைப்பானும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். வெளியே காற்றே மெலிந்திருக்கும் உயரத்தில் பம்பின் வாய்க்கு வந்து சேரும் பெட்ரோல், வெளிக்காற்றையும்விடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். டாங்கியில் கொதிக்காத பெட்ரோல் குழாயில் கொதிக்கும். போதாக்குறைக்கு, பெட்ரோலில் கரைந்திருந்த காற்றும் உயரம் ஏற ஏறப் பிரிந்து குமிழியாகச் சேரும். திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்த பம்பு, ஆவியைத் தள்ளத் தெரியாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்.

ஸ்பிட்ஃபயரில் செய்த முதல் வைத்தியங்கள் எல்லாம் சூட்டைத் தணிக்கும் வழிகள். எஞ்சினைச் சுற்றியும் இறக்கை உடலோடு சேரும் இடத்திலும் காற்றோட்டத்துக்குத் துவாரங்கள் வைத்தார்கள். துப்பாக்கிகள் உறையாமல் இருக்க இறக்கையில் ஓடிய ரேடியேட்டர் வெப்பக்காற்றுக் குழாய்களின் அமைப்பையும் மாற்றினார்கள். தொடக்ககால ஒன்பதாம் வகை விமானங்கள் பலவற்றின் பழைய படங்களை உற்றுப் பார்த்தால், இடது இறக்கையின் அடியில், உடலை ஒட்டி, சிறிய காற்றுவாய் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அது பெட்ரோலைக் குளிர்விக்கும் கருவிக்கான காற்றுவாய். எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை வழியிலேயே ஆற்றி அனுப்பும் ஏற்பாடு.

அடுத்த வைத்தியம் பழைய கேமலின் முறையே. டாங்கிக்குள் அழுத்தம் கொடுத்தார்கள். ஸ்பிட்ஃபயர் விமானிகளுக்கான கையேட்டில் இதற்கான அறிவுரை இருக்கிறது. இந்த வரலாற்றில் இதைவிடக் கூர்மையான பக்கம் வேறில்லை. வெப்ப நாட்களில், உயரத்தில், பெட்ரோல் கொதித்து எஞ்சின் நிற்கக்கூடும் என்பதால் பிரதான டாங்கிகளுக்கு அழுத்தம் கொடுக்க ஒரு திருகு வைத்திருந்தார்கள். 20,000 அடிக்கு மேல்தான் அது வேலை செய்யும். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மட்டுமே அதைத் திறக்க வேண்டும் என்று கையேடு சொன்னது.

ஏன் முன்கூட்டியே திறந்து வைக்கக் கூடாது? போர் விமானத்தின் டாங்கிக்கு ரப்பர் உறை உண்டு. அதன் நடு அடுக்கில் பதப்படுத்தாத ரப்பர். குண்டு துளைத்துப் பெட்ரோல் கசிந்தால், அந்த ரப்பர் பெட்ரோலைக் குடித்து ஊதி ஓட்டையைத் தானே மூடும். உள்ளே அழுத்தம் இருந்தாலோ, ஓட்டை மூடுவதற்குள் பெட்ரோல் பீறிட்டு வெளியேறும். ஆகவே எதிரியைத் தேடி உயரத்தில் திரியும் இருபது வயது இளைஞன், எஞ்சின் நிற்பதா, அடிபட்டால் எரிவதா என்ற இரண்டு ஆபத்துகளுக்கு நடுவே ஒரு திருகில் கைவைத்தபடி பறந்தான். 1917இல் கேமல் விமானி அறிந்திருந்த அதே அச்சம், கால் நூற்றாண்டு கழித்து வேறு உருவத்தில் வந்து நின்றது.

இதற்கு உண்மையான தீர்வு பம்பை இடம் மாற்றியதுதான். எஞ்சினில் இருக்கும் பம்பை அப்படியே விட்டுவிட்டு, டாங்கியின் அடியில், பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கியபடி ஒரு மின்சாரப் பம்பு. டாங்கியின் தரையில் இருப்பதால் அது எதையும் உறிஞ்ச வேண்டாம். பெட்ரோல் தன் எடையாலேயே அதன் வாய்க்கு வந்துவிடும். அங்கிருந்து எஞ்சின்வரை முழுக் குழாயையும் அது அழுத்தத்தோடு நிரப்பிவைக்கும். அழுத்தமுள்ள குழாயில் குமிழி பிறக்காது. டாங்கிக்குள் அழுத்தம் ஏறாததால் ரப்பர் உறைக்கும் பங்கம் இல்லை.

சொல்லும்போது இவ்வளவு எளிது. செய்வதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, பெட்ரோலுக்குள் மின்மோட்டார். மோட்டாரின் தூரிகைகளில் பொறி பறக்கும். ஆகவே மோட்டார் அறைக்குள் சொட்டுப் பெட்ரோல் போகாதபடி தண்டைச் சுற்றி இறுக்கமான அடைப்பு போட்டார்கள். அதையும் மீறிக் கசிந்தால், கசிவை நேராக விமானத்துக்கு வெளியே கொண்டுபோய்விட ஒரு வடிகால் குழாய். இரண்டாவது, டாங்கியிலேயே பெட்ரோல் கொதிக்கத் தொடங்கினால் பம்பின் வாயிலும் குமிழிகள் வருமே? அதற்கும் வழி கண்டார்கள். பம்பின் வாயில் சுழலும் தகடுகள் பெட்ரோலை வேகமாகச் சுழற்றும். கனமான திரவம் ஓரத்துக்கு ஒதுங்கி உள்ளே போகும், இலகுவான குமிழிகள் நடுவே திரண்டு மேல்நோக்கித் தப்பி டாங்கிக்கே திரும்பிவிடும். குழாய்க்குள் போவது குமிழி நீங்கிய பெட்ரோல். அமெரிக்காவில் க்ளீவ்லாந்து நகரத்தின் தாம்சன் புராடக்ட்ஸ், பெஸ்கோ நிறுவனங்கள் இத்தகைய பூஸ்டர் பம்புகளைச் செய்து குவித்தன. பெரிய குண்டுவீச்சு விமானங்களிலிருந்து ஒற்றை எஞ்சின் சண்டை விமானங்கள் வரை அவை பரவின. பிற்கால ஸ்பிட்ஃபயர்களின் டாங்கிக்குள்ளும் மூழ்கிய பம்பு வந்தது.

இதே இயற்பியல், 1943இல் ஐரோப்பியப் போரின் போக்கையே பிடித்து நிறுத்தியிருந்தது.

இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குள் போகும் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணை போக பி-47 தண்டர்போல்ட் இருந்தது. உடலுக்குள் இருக்கும் எரிபொருளை மட்டும் வைத்து அதனால் சுமார் 230 மைல் போய்த் திரும்ப முடியும். ஜெர்மனியின் எல்லைக்குக்கூட அது போதாது. வயிற்றடியில் கழற்றி எறியக்கூடிய டாங்கி ஒன்றைத் தொங்கவிட்டால் போதாதா? முயன்றார்கள். தயாராகக் கிடைத்தது விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகப் பயன்படும் பெரிய டாங்கி. பிசின் ஏற்றிய காகிதத்தால் ஆனது. சுமார் 200 கேலன் கொள்ளும். அதற்குள் அழுத்தம் கொடுக்கும் வசதி கிடையாது. தாழப் பறக்கும்போது சரி. 20,000 அடியைத் தாண்டிச் சற்று மேலே போனதுமே, வயிற்றடியில் தொங்கும் டாங்கியிலிருந்து எஞ்சின் பம்பால் பெட்ரோலை மேலே இழுக்க முடியவில்லை. சண்டை நடக்கும் உயரமோ 25,000 அடிக்கு மேல்.

ஆகவே அந்த டாங்கியைப் பாதி மட்டும் நிரப்பி, மேலே ஏறும்வரை அதிலிருந்து குடித்து, எதிரிக் கடற்கரையை எட்டும்போது எறிந்துவிட்டார்கள். 1943 ஜூலை 28 அன்று 4ஆவது ஃபைட்டர் குரூப்பின் தண்டர்போல்ட்கள் அப்படித்தான் ஜெர்மன் எல்லைவரை போய், அங்கே துணை விமானங்களை எதிர்பாராத ஜெர்மானியர்களைத் திகைக்க வைத்தன. இருந்தும் அது தற்காலிக ஏற்பாடுதான். ஆகஸ்டு 17 அன்று ரேகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபர்ட் நகரங்களைத் தாக்கப் போன பி-17களை, பெல்ஜியத்தின் ஓய்பென் அருகே துணை விமானங்கள் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அன்று ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்கள் வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்.

லண்டனுக்கு வடமேற்கே பவிங்டன் தளத்தில், கேஸ் ஹஃப் என்ற அதிகாரியின் தலைமையில் எட்டாவது ஃபைட்டர் கமாண்டின் தொழில்நுட்பப் பிரிவு இயங்கியது. வெளி டாங்கிக்கு அழுத்தம் எங்கிருந்து கொடுப்பது என்பது அவர்கள் முன்னிருந்த கேள்வி. புதிதாக ஒரு காற்றழுத்தி செய்து, சோதித்து, நூற்றுக்கணக்கான விமானங்களில் பொருத்த அவகாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு விமானத்திலும் ஏற்கெனவே ஒரு சிறிய வெற்றிடப் பம்பு இருந்தது. செயற்கைத் தொடுவானம் முதலான கைரோ கருவிகளைச் சுழற்ற, அவற்றின் வழியே காற்றை இழுப்பது அதன் வேலை. இழுத்த காற்றை மறுபக்கம் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அப்படி வீணாகப் போன காற்றைத்தான் ஒரு குழாயில் பிடித்து வெளி டாங்கிக்குள் விட்டார்கள். இழுக்கும் பம்பின் கழிவுக்காற்று, பெட்ரோலைத் தள்ளும் காற்றாயிற்று. இடையில் அளவைச் சீர்ப்படுத்த ஒரு வால்வு. டாங்கியை எறியும்போது கச்சிதமாக உடைந்து பிரிய, இணைப்பில் கண்ணாடிக் குழாய்த் துண்டுகள். அத்தனை உயரத்திலும் வெளி டாங்கியிலிருந்து எஞ்சின் தங்குதடையின்றிக் குடித்தது.

ஆகஸ்டு இறுதியிலிருந்து 75 கேலன் உலோக டாங்கியோடு தண்டர்போல்ட்டின் எல்லை 340 மைலாக நீண்டது. அடுத்து வந்த 108 கேலன் டாங்கியோடு 375 மைல். இந்த 108 கேலன் டாங்கி தனியே சொல்லத்தக்கது. பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே இதையும் காகிதத்தால் செய்தார்கள், பௌவாட்டர் நிறுவனம் தயாரித்தது. கிராஃப்ட் காகிதத்தை உருளை அச்சின்மேல் அடுக்கடுக்காகச் சுற்றி ஒட்டி நடுப்பகுதி. காகித இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிண்ணம்போல் இரண்டு முனைகள். பெட்ரோல் அலைமோதாமல் இருக்க உள்ளே மரத் தடுப்புகள். முனைகளைப் பொருத்தி ஒட்டிய பின், பெட்ரோல் ஊறாதபடி பூச்சு, வெளியே வெள்ளி நிறம். காகிதமாக இருந்தாலும் உள்ளழுத்தத்தைத் தாங்கியது. ஆனால் பெட்ரோல் சில மணி நேரத்தில் பசையை இளக்கிவிடும் என்பதால் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் நிரப்புவார்கள். எறிந்த டாங்கி எதிரியின் மண்ணில் விழுந்தாலும், உருக்கி எடுக்க அதில் உலோகம் இருக்காது.

1944 மார்ச்சில் மஸ்டாங் விமானங்கள் பெர்லின்வரை துணை போனபோதும், அவற்றின் இறக்கைகளின் அடியில் தொங்கிய டாங்கிகளிலிருந்து பெட்ரோல் மேலே வந்தது இப்படிக் கொடுத்த அழுத்தத்தால்தான். மஸ்டாங்கின் இறக்கை வடிவத்தைப் பற்றியும் மெர்லின் எஞ்சினைப் பற்றியும் புத்தகங்கள் நிறைய உண்டு. அந்தக் கழிவுக்காற்றுக் குழாயைப் பற்றி ஒரு வரி காண்பதே அரிது. அந்தக் குழாய் இல்லாவிட்டால் அந்த எஞ்சின் பெர்லினைப் பார்த்திருக்காது என்பதால், இந்தத் தொடரில் அதற்குச் சில பத்திகள் ஒதுக்குவதே நியாயம்.

போர் முடிந்து ஜெட் யுகம் பிறந்தபோது பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் தோன்றியது. ஜெட் எஞ்சின் மண்ணெண்ணெய் வகையை எரிக்கும்; அது எளிதில் ஆவியாவதில்லை. அமெரிக்காவின் முதல் ஜெட் எரிபொருள் ஜேபி-1, 1944இல் வகுத்தது, அத்தகையதே. ஆனால் இன்னொரு போர் மூண்டால் அவ்வளவு மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்ற கவலை வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து அதிக அளவு எடுக்கும் பொருட்டு, பெட்ரோலின் இலகுவான பகுதிகளையும் சேர்த்து 1947இல் ஜேபி-3 என்று ஒன்றை வகுத்தார்கள். ஆவியழுத்தம் மறுபடி 5 முதல் 7 பவுண்டு. ஜெட் விமானமோ பிஸ்டன் விமானத்தைவிட வேகமாக ஏறுவது. டாங்கியில் எரிபொருள் கொதித்து, காற்றுத் துளை வழியாக நுரைத்து வெளியேறியது. எரியாமலேயே எரிபொருள் தீர்ந்தது. 1951இல் ஆவியழுத்தத்தை 2 முதல் 3 பவுண்டுக்குள் கட்டிய ஜேபி-4 வந்த பிறகே அது அடங்கியது.

அடுத்த சோதனை யு-2 உளவு விமானம். லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் வடிவமைத்த அது 70,000 அடியில் பறக்க வேண்டும். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த உயரத்தில் பாதுகாப்பு உடையில்லாத மனிதனின் உடல்சூடே அவன் உடலின் ஈரத்தைக் கொதிக்கவைக்கப் போதும். விமானிக்கு அழுத்த உடை அணிவித்தது அதனால்தான். விமானிக்கு உடை தைத்ததுபோல விமானத்துக்கென்று தனி எரிபொருளும் காய்ச்ச வேண்டியிருந்தது. ஷெல் நிறுவனத்தின் துணைத்தலைவராக அப்போது இருந்தவர் ஜேம்ஸ் டூலிட்டில். 1942இல் டோக்கியோமீது குண்டு வீசிய அதே டூலிட்டில். அவர் முன்நின்று ஏற்பாடு செய்த எரிபொருள், கடல்மட்டத்தில் 150 டிகிரி அளவில்தான் கொதிக்கும். அதைத் தயாரிக்க வேண்டிய மூலப்பொருள்தான் ஃப்ளிட் பூச்சிக்கொல்லித் தைலத்துக்கும் பயன்பட்டுவந்தது. 1955 வசந்தத்திலும் கோடையிலும் லட்சக்கணக்கான கேலன் எரிபொருள் ரகசியமாகப் போனதால், அமெரிக்கா முழுவதும் கடைகளில் ஃப்ளிட்டுக்குத் தட்டுப்பாடு. ஈ, கொசுவோடு போராடிய இல்லத்தரசிகளுக்குக் காரணம் தெரிய வாய்ப்பில்லை. அந்த ஆகஸ்டில் நெவாடாவின் க்ரூம் ஏரிப் படுகையிலிருந்து டோனி லெவியர் முதல் யு-2ஐ ஓட்டிப்பார்த்தார்.

ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறந்த எஸ்ஆர்-71இல் காற்றின் உராய்வே விமானத்தைச் சுட்டது. அதன் ஜேபி-7 எரிபொருள், எஞ்சினுக்குப் போகும் முன் விமானத்தின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும் குளிரூட்டியாகவும் வேலை செய்தது. டாங்கிகளில் நைட்ரஜன் வாயுவை நிரப்பி அழுத்தத்தையும் காத்தார்கள், தீப்பற்றாமலும் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய விமானங்கள் இப்படித் தப்பித்துக்கொள்ள, ஆவியடைப்பு இன்று குடியிருப்பது சின்ன விமானங்களில். பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னாவிலும் பைப்பரிலும் அது உயரத்தைத் தேடிப் போவதில்லை, தரையிலேயே பிடிக்கிறது. ஓடிவந்த எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டமும் நின்றுவிடும். சிலிண்டர்களின் சூடு மேலே எழும். எஞ்சினின் உச்சியில், பென்சில் ஈயத்தின் பருமன்கூட இல்லாத துவாரமுள்ள எரிபொருள் குழாய்கள் சிலந்தியின் கால்கள்போல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகின்றன. பத்து நிமிடத்தில் அவற்றிலிருக்கும் பெட்ரோல் கொதித்துவிடும். அடுத்த மாணவர் வந்து உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினால், எஞ்சினுக்குப் போவது ஆவி மட்டுமே. கான்டினென்டல் எஞ்சின்களில் மிகுதிப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பும் குழாய் உண்டு. எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் நெம்புகோலை மூடிய நிலையில் வைத்து மின்சாரப் பம்பைச் சிறிது நேரம் ஓட்டினால், டாங்கியின் குளிர்ந்த பெட்ரோல் சுற்றிவந்து எஞ்சின் பம்பை ஆற்றிவிடும். அந்தத் திரும்பு குழாய் இல்லாத லைகமிங் எஞ்சின்களில் வேறு முறை: மிக்ஸ்சரை மூடி, த்ராட்டிலைச் சற்றுத் திறந்து, ஸ்டார்ட்டரால் சுழற்றியபடியே இருந்து, எஞ்சின் பிடித்ததும் மிக்ஸ்சரைத் திறக்க வேண்டும். நடுப்பகலில் அவசரப்பட்டு பாட்டரியைத் தீர்க்காதவரே நல்ல மாணவர். இலகு ரக விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினிலும் திரும்பு குழாயைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

கார் பெட்ரோலை விமானத்தில் ஊற்றினால் என்ன என்ற கேள்வியும் இங்கே வருகிறது. விலை குறைவு, ஈயமும் இல்லை. அமெரிக்காவில் பரிசோதனை விமானச் சங்கம் நீண்ட சோதனைக்குப் பிறகு 1982இல் செஸ்னா 150க்கு அந்த அனுமதியைப் பெற்றது. ஆனால் கார் பெட்ரோலின் ஆவியழுத்தத்தைப் பருவத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பார்கள். குளிர்காலத்தில் அது விமானப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்கைத் தொடலாம். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம், கார் பெட்ரோலில் பறப்பவர்களுக்கு டாங்கியின் சூடு 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், 6,000 அடியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. வெப்ப நாடுகளில் பெரும்பாலான நாட்களில் நிறைவேற்ற முடியாத நிபந்தனை அது. பத்து விழுக்காடு எத்தனால் கலந்தாலே பெட்ரோலின் ஆவியழுத்தம் ஏறக்குறைய ஒரு பவுண்டு கூடிவிடுகிறது என்பதும், எத்தனால் சில ரப்பர் குழாய்களை அரிக்கிறது என்பதும் சேர்ந்து, அமெரிக்க அனுமதியிலும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இடமில்லாமல் போயிற்று. எத்தனால் கலந்த பெட்ரோலே எல்லா பங்க்குகளிலும் கிடைக்கும் இந்தியாவில், பயிற்சி விமானங்கள் வெகுகாலம் இறக்குமதியான அவ்கேஸையே நம்பியிருந்தன. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த அவ்கேஸ் 100 எல்எல் எரிபொருளை ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் அறிமுகப்படுத்தியது.

பயணிகள் ஜெட் விமானங்கள் எரிக்கும் ஜெட் ஏ-1க்கு இந்தக் கொதிக்கும் பயம் கிட்டத்தட்ட இல்லை. எளிதில் ஆவியாகும் பகுதிகளை நீக்கியதால் அது 40,000 அடியிலும் அமைதியாக இருக்கிறது. அதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று உண்டு: உறைநிலைக்கு 47 டிகிரி கீழே போனால் மெழுகுத் துகள்கள் திரளும், அதற்கு வெகு முன்பே, எரிபொருளில் கரைந்த ஈரம் பனித்துகளாகப் பிரிந்து குழாயின் சுவரில் ஒட்டத் தொடங்கும். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இரண்டு எஞ்சின்களிலும் விசையிழந்து புல்தரையில் விழுந்தது. 152 பேரும் உயிர் தப்பினார்கள். அந்த விசாரணை அடுத்த இதழில்.

(தொடரும்)